வசந்த காலமும் நாயின் தோல் அரிப்பும்

ஒக்டோபர் பிறந்தால் மெல்பேணில் எங்களில் பலருக்குக் கண் கடிக்கும், மூக்கு ஓடும். ரை புல்லின் மகரந்தம் டிசம்பர் வரை காற்றில் பறக்கும். 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை மூச்சுத்திணறலுடன் வைத்தியசாலைக்கு அனுப்பியதும் இதே மகரந்தம்தான். நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதங்களில் இன்னொன்றையும் கண்டிருப்பீர்கள். மகரந்த ஒவ்வாமை வந்தால் நாய் எங்களைப்போலத் தும்முவது குறைவு, சொறிவதுதான் அதிகம். பாதங்களை நக்கி நக்கி வெள்ளை ரோமம்கூடச் செம்மண் நிறமாகிவிடும். அக்குள், அடிவயிறு, காதின் உட்புறம் எல்லாம் சிவந்துவிடும்.

எங்கள் ஜிம்மிக்கு இரண்டு வயதில் இது தொடங்கியது. பெரும்பாலான நாய்களுக்கு ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தொடங்குமாம். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அம்மம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொன்னார். நாங்கள் கெட்டித்தனமாகப் பிள்ளைகளின் பருவுக்கு வாங்கி வைத்திருந்த டீ ட்ரீ எண்ணெயை எடுத்தோம். இந்நாட்டு மரத்தின் எண்ணெய், இயற்கையானது, என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்து நேரே தோலில் பூசினோம். அன்றிரவே ஜிம்மியின் பின்னங்கால்கள் தள்ளாடின, உடம்பு நடுங்கியது. நள்ளிரவில் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு, தோலால் உறிஞ்சப்படுவது போதாதென்று நக்கியும் உள்ளே போகும் என்று அவர் விளக்கினார். இரண்டு நாளில் ஜிம்மி தேறிவிட்டது. அம்மம்மா மட்டும் இன்னும் எங்களை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது மிகச் சாதாரணமானது. வாசலில் ஒரு பேசினும் பழைய துவாயும் வைத்திருக்கிறோம். வெளியே போய்வந்ததும் நான்கு பாதங்களையும் வெறும் தண்ணீரில் கழுவி, விரல்களுக்கிடையில் ஈரமில்லாமல் துடைக்கிறோம். வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். மகரந்தம் தோலில் தங்காவிட்டால் பாதித் தொல்லை குறையும். கிழமைக்கு ஒருமுறை நாய்களுக்கான ஷம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறோம். சூடான தண்ணீர் அரிப்பைக் கூட்டும், இளஞ்சூடே போதும். எங்கள் ஷம்பூவும் சவர்க்காரமும் அதன் தோலுக்கு ஒத்துவராது.

அரிப்பு கடுமையான நாட்களில் ஓட்ஸ் கைகொடுக்கும். சீனியோ வாசனையோ சேராத வெறும் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரையுங்கள். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் போட்டால் பால்போலக் கலங்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பத்து நிமிடம் உடம்பில் ஊற்றிக்கொண்டிருந்து, பிறகு அலசிவிடுங்கள்.

வேலியோர நிழலையும் ஒருமுறை பாருங்கள். வெள்ளை நிறத்தில் மூன்று இதழ்ப் பூ பூக்கும் 'வொண்டரிங் ட்ராட்' என்ற படர்கொடி அங்கே இருந்தால், அதில் புரளும் நாயின் வயிறு சிவந்து தடிக்கும். கையுறை போட்டுப் பிடுங்குங்கள். ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். தெள்ளுக்கடியும் இதேபோல அரிக்கும் என்பதால் தெள்ளு மருந்து தவறக்கூடாது.

மஞ்சள் பூசினால் சோபாதான் மஞ்சளாகும். தேங்காயெண்ணெயை நாய் நக்கித் தீர்த்து வயிற்றோட்டம் தேடிக்கொள்ளும். வினிகர் புண்ணில் எரியும். குழந்தைகளின் நாப்பி கிறீமில் உள்ள சிங்க் நக்கினால் கெடுதி. பனடோல், ஐபுபுரோஃபன் கொடுக்கவே வேண்டாம். நாங்கள் குடிக்கும் ஒவ்வாமை மாத்திரைகளையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூக்கடைப்பு மருந்து கலந்தவை நாய்க்கு ஆபத்து.

தோலில் நீர் கசிந்தாலோ, கெட்ட மணம் வந்தாலோ, காதை ஓயாமல் உதறினாலோ கிருமி தொற்றியிருக்கலாம். அதற்குக் கைமருந்து போதாது. அரிப்பைக் குறைக்கும் மாத்திரையும், சில கிழமைகளுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இப்போது உண்டு. செலவு கொஞ்சம் கூடத்தான். போகும்போது அரிப்பு எந்த மாதம் தொடங்கியது, எந்த இடத்தில், என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.