விழுந்தபோது கண் மூடியிருந்ததா?

காலை ஆறரை மணி. காபி டம்ளர் கையிலிருந்து துள்ளி விழுகிறது. பரீட்சைக்காக இரவெல்லாம் கண்விழித்த பெண். "தூக்கக் கலக்கம்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்துக் கைகால் இழுத்துக்கொண்டு விழும்போதுதான் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கோ ஓட்டம். அப்போதும் டம்ளர் விழுந்த கதையை யாரும் சொல்வதில்லை. டாக்டருக்கு வேண்டியதே அந்தக் கதைதான்.

விடலைப் பருவத்தில் தொடங்கும் மயோகுளோனிக் வலிப்பு இது. தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் தோளும் கையும் வெடுக்கென்று துள்ளும். வேறு வகை வலிப்புகளை அடக்கும் கார்பமசெபைன் மாத்திரை இதில் துள்ளலைக் கூட்டிவிடக்கூடும். இதற்கு நன்றாகக் கேட்கும் வால்ப்ரோயேட் மாத்திரையைக் கர்ப்பத்தில் சாப்பிட்டால் நூறு குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை. இளம்பெண்ணுக்கு அதை எழுத டாக்டர் தயங்குவது அதனால்தான். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.)

இன்னொரு பெண்ணும் இதேபோல விழுகிறாள். ஆனால் மூளையில் மின்கோளாறு இல்லை. மனசின் பாரம் உடம்பில் வெளிப்படுகிறது. ஊர் இதைப் பேய் என்கிறது, படித்தவர்கள் நடிப்பு என்கிறார்கள். பின்னதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்த இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாடு பட்டார். மூளையைப் பதிவு செய்யும் இஇஜி அவரிடம் இல்லை. மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்ததே 1924-இல். இன்றும்கூட வலிப்பு நோய் இருந்தும் ஒருமுறை எடுத்த இஇஜி சுத்தமாக வரலாம். ஒரே பெண்ணுக்கு இரண்டு வகையும் இருக்கலாம்.

கல்யாணம் தடைபடும் என்று வலிப்பை மறைப்பதும் சேர்ந்துகொள்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பெண் பார்க்க வருபவர்களுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

டாக்டர் முதலில் கேட்பது, விழுந்தபோது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று. திறந்து நிலைகுத்தியிருந்தால் பெரும்பாலும் வலிப்பு நோய். இறுக மூடியிருந்தால் பெரும்பாலும் மற்றது. பதற்றத்தில் வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இன்னொருவர் முகம் தெரியும்படி போனில் வீடியோ எடுக்கட்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.