கொழுந்துக் கணக்கும் மென்பொருள் வியாபாரமும்

பன்வில போன்ற ஒரு மலையூரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொழுந்துக் கணக்குக்கென ஒரு மென்பொருள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களின் காணிகளிலிருந்தே வருகிறது. அவர்களிடம் கொழுந்தை நிறுத்து வாங்கி லொறியில் தொழிற்சாலைக்கு அனுப்பும் முகவர்கள்தான் இந்த மென்பொருளை வாங்கக்கூடியவர்கள். கண்டி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அவர்கள் தொகை பெரிதல்ல. ஆனால் மென்பொருள் முடிந்ததும் நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது பேஸ்புக் விளம்பரம். ‘நவீனமானது, இலகுவானது’ என்ற படம் ஆயிரம் பேர் கண்ணில் பட்டு மறையும். முகவர் ஒருவர் பார்த்தாலும் அது தனக்கென்று அவருக்கு விளங்காது. சாக்கு எடையையும் ஈரத்தையும் எப்படிக் கழிப்பது, முற்பணத்தையும் உரக் கடனையும் எந்த வரிசையில் பிடிப்பது, கொழுந்துக் காசை விடக் கடன் கூடினால் மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் கட்டாயம் படிப்பார். அது அவருடைய மாதக்கடைசித் தலைவலி. சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு, வாங்குபவரின் சிக்கலை அவரைவிடத் தெளிவாக விளக்குவதுதான் ஆகச் சிறந்த விளம்பரம் என்பேன்.

சென்னையில் இதற்கு நல்ல சான்று உண்டு. 2010இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஜென்டெஸ்க் தன் விலையை ஏற்றியபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் இணையத்தில் பொருமித் தள்ளினார்கள். அப்போது ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்த கிரீஷ் மாத்ருபூதம் அந்தப் பொருமலைப் படித்தார். வேலையை விட்டு, ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். கதை எப்படி ஆரம்பித்தது என்பதை மறைக்காமல் அவரே எழுதியதும் பலரை அந்தப் பெயரைக் கவனிக்கவைத்தது. 2011இல் ‘இது அப்பட்டமான நகல்’ என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, அதற்கென்றே ஒரு தனி இணையத்தளம் திறந்து விவகாரத்தை வாசகர் தீர்ப்புக்கு விட்டார்கள். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தாலும் அவ்வளவு பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அது நாஸ்டாக்கில் பட்டியலானது.

ஃப்ரெஷ்டெஸ்க் வளர்ந்ததற்கு எழுத்து மட்டுமா காரணம், 2011லேயே அக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நன்றாக எழுதியும் மூடப்பட்ட நிறுவனங்களின் கதையை யாரும் சொல்வதில்லை. ஆனால் முதலீடு பேச்சுக்கு வேகம் தரலாமே தவிர, பேச வேண்டியதைக் கண்டுபிடித்துத் தராது. இன்னொரு பயம், எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் போட்டிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பது. இதற்குக் கொழும்பிலேயே பதில் இருக்கிறது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம், விளக்கம் மட்டுமல்ல, மென்பொருளின் மூலநிரலையே திறந்து வைத்தது. வருமானத்தை ஆதரவுச் சேவையிலும் சந்தாவிலும் தேடியது. அந்த நிறுவனத்தைத்தான் 2024இல் ஈக்யூடி என்ற ஐரோப்பிய முதலீட்டு நிறுவனம் வாங்கியது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. மலைநாட்டு வியாபாரி கட்டுரை வாசித்துப் பொருள் வாங்குவதில்லை. முகம் பார்த்து, தெரிந்தவர் சொல்லி வாங்குகிறார். பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தத் தெரிந்தவர் கையில் கொடுக்கவும் ஏதாவது வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய அந்த இரண்டு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும் இருந்தால், நிறுவனத்தார் போகாத ஊரிலும் பேசும். (ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டு ‘எவனும் படிக்கிறானில்லை’ என்று குறைசொல்வது நம்மிடையே பழகிப்போன ஒன்று.) அதிலே விலையையும் போட்டுவிட வேண்டும். ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று கண்டதும், ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்றே முகவர் எடுத்துக்கொள்வார். அமெரிக்க மென்பொருள்களைப் பார்த்துப் பதினான்கு நாள் இலவச வெள்ளோட்டம் கொடுப்பதும் இங்கே சரிவராது. கொழுந்துக் காசு மாதத்துக்கு ஒருமுறைதான் தீர்க்கப்படுகிறது. முதலாம் திகதி தொடங்கிக் கணக்கு முடித்துக் காசு கொடுக்கும் நாள்வரை ஓட்டிப் பார்க்காத முகவருக்கு, அது சரியாகக் கழிக்கிறதா என்பது தெரியவே வழியில்லை.