மிதித்து முடித்தால் போதுமா?

 

வெல்லவாயப் பக்கமிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைக்குச் சைக்கிளில் ஏறி வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலான ஏற்றம் அது. பஸ்ஸே மூச்சு வாங்கும் பாதை. நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க வாலிபர்கள் கூட்டமாக இப்படிப் புறப்படுவது இப்போது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. தாய்மார் கேட்கும் கேள்வியோ ஒன்றுதான்: "கொடுக்கிறதாக இருந்தால் கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, மௌலவி! இதற்கு ஏன் இந்தப் பாடு?"

நியாயமான கேள்வி. தம் இரு புதல்வர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்த ஒரு முதியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். நடந்தே போவதாக அவர் நேர்ந்து கொண்டாராம். அவர் தம்மை அப்படி வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்பதை உணர்த்தி, வாகனத்தில் ஏறிப் போகுமாறு பணித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஆகவே உடம்பை வருத்துவதே ஒரு புண்ணியம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

அப்படியானால் அந்தப் பாட்டில் என்ன பலன்? நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது சைக்கிள் பயணம் அல்ல, கால்நடைப் பயணம். ஆனால் நோக்கமும் முறையும் ஒன்றே.

2011 ஜூலை முதலாம் திகதி, இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையில் ஒரு கூட்டம் புறப்பட்டது. 27 நாட்களில் சுமார் 670 கிலோமீட்டர் நடந்து வடகோடியான பருத்தித்துறையை அடைந்தது. நாளொன்றுக்குச் சராசரி 25 கிலோமீட்டர். நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் முன்னின்று நடத்தினார்கள். யாரும் வழியில் சேர்ந்து, தம்மால் இயன்ற தூரம் நடக்கலாம் என்பது ஏற்பாடு. தெல்லிப்பளையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுப்ப வேண்டும், அதற்குத்தான் பணம்.

ஏன் தெல்லிப்பளை? இதை நம்மைவிட யாரும் நன்றாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் நம் ஊரில் அடுத்த வார்த்தை மஹரகம. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் எதை நினைப்பாள்? நோயைப் பிறகுதான் நினைப்பாள். மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, தோட்டத்தில் எத்தனை நாள் பேர் விழாது, கொழும்பில் எங்கே தங்குவது, பஸ் காசுக்கு எந்த நகையை வைப்பது, இவைதான் முதலில் வரும். யாழ்ப்பாணத்துத் தாய்க்கு அதே பயணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். யுத்தம் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்த காலம் வேறு. பாதி வைத்தியத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலருக்கு மருந்தைவிடத் தூரம்தான் தடை. அந்தத் தாய் போக வேண்டிய தூரத்தைக் குறைப்பதற்காக வேறு சிலர் 670 கிலோமீட்டர் நடந்தார்கள்.

கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்தால் அது ஒருவருடைய பணம். ஊர் ஊராக நடந்து போகும்போது, வழியில் நிற்பவர் "எதற்கு இது?" என்று கேட்கிறார். தெல்லிப்பளையின் தேவை மாத்தறைப் பக்கத்துச் சிங்களச் சகோதரிக்கும் தெரியவருகிறது. உட்கார்ந்த இடத்தில் எழுதும் காசோலையால் இது ஆகாது.

2017-ல் எட்டு பிரித்தானிய முஸ்லிம்கள் லண்டனிலிருந்து மதீனாவுக்குச் சைக்கிளில் போனார்கள். பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், எகிப்து என்று நாடு நாடாகக் கடந்து ஹஜ்ஜுக்குச் சென்ற பயணம். சிரியா மக்களின் வைத்திய உதவிக்குப் பணம் திரட்டினார்கள். அந்த முதியவரின் செய்தியை மறக்காமல் பார்த்தாலும், இவர்கள் திடகாத்திரமானவர்கள், பயிற்சி எடுத்தவர்கள், பிறருக்காகப் போனவர்கள். அது வேறு, இது வேறு.

இப்படிப்பட்ட கூட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது முன்னால் வருகிறவனை அல்ல. கடைசி ஆளுக்குப் பின்னால், வேண்டுமென்றே மெதுவாக வருகிறானே, அவனை! பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து பலவீனரைக் கூட்டிச் செல்வார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஓடி முடித்து வந்தால், வந்த உடனே கதிரையில் சாய விடாதீர்கள். சற்று நடக்கட்டும். நிறைய வியர்த்தவனுக்கு வெறும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். சுத்தமான ஒரு லீட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த உங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மாலை போட்டுப் படம் எடுத்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. பருத்தித்துறையில் கால் வைத்த அன்று தெல்லிப்பளையில் ஒரு நோயாளிக்கும் கட்டில் கிடைத்துவிடவில்லை. ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது 2013-ல். இடையிலிருந்த இரண்டு வருடம் கைதட்ட ஆளில்லாத வேலை. சேர்ந்த பணம் அமானத். அவர்கள் அதை முடித்த பிறகு, 2016 ஒக்டோபரில் மறுபடி புறப்பட்டார்கள். இம்முறை பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி 28 நாள், காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. தம்பியை மூளைக்கட்டியால் இழந்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்து நடந்தார்.

ஆகவே அடுத்த தடவை உண்டியலோடு பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வந்தால், போட வேண்டியதைப் போட்டுவிட்டு ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பணம் யார் பெயரில் இருக்கும், எந்த மாதம் எங்கே கொடுக்கப்படும், கணக்கை எங்கே ஒட்டுவீர்கள்? பதில் சொல்லத் தெரியாவிட்டால் கோபிக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதுவரை தேத்தண்ணீர் ஆறாமல் பார்த்துக்கொள்ளலாம்.