கதவு எண் ஒன்று, குடித்தனமோ ஆயிரம்!



போன மாதத் தாளில் "நம் சுவர்ப் பத்திரிகையின் பழைய தாள்கள் எல்லாம் இனி இன்டர்நெட்டில்!" என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த திங்கட்கிழமை கம்ப்யூட்டர் லேபில் தமிழ் ஐயா முன்னால் அந்த முகவரியை அடித்தபோது ஒன்றுமே வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கும். (மறந்திருந்தால் ரொம்ப நன்றி!) ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. தெரிந்த பிறகு, நான் செய்த தப்பைவிட எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம்தான் பெரிசு என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை? நம் பத்திரிகையின் பழைய தாள்கள் தமிழ் ஐயாவின் பீரோவில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அடித்தட்டில் கரையான் வந்துவிட்டது. ஐயா வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அப்புறம் அந்த பீரோ யாருக்குப் போகும், தாள்கள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய பேப்பர்காரரிடம் போகும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நானும் என் நண்பனும் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படம் எடுத்தோம். வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அபாச்சி என்கிற மென்பொருளை நிறுவி, படங்களை வைத்தேன். இப்படிக் கேட்கிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் சர்வர். ஹோட்டலில் இருப்பவர் வேறு, இது வேறு.

வீட்டில் போனை எடுத்து முகவரியை அடித்தேன். பளிச்சென்று வந்தது! அந்த சந்தோஷத்தில்தான் சிவப்பு மை. பிறகு என் நண்பன் கேட்டான்: "டேய், உன் வீட்டுக்குள்ளேயே இருந்து உன் வீட்டைக் கண்டுபிடிச்சியா?" நியாயமான கேள்வி. நான் அடித்தது 192.168 என்று தொடங்கும் எண். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும். உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கலாம், எதிர்வீட்டிலும் இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இன்டர்நெட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஐபி முகவரி. பழைய முறையில், அதாவது நான்காம் பதிப்பில், மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான் உண்டு. (2-ஐ 32 முறை பெருக்கிப் பாருங்கள், கணக்கு சார் சந்தோஷப்படுவார்.) உலகத்தில் 800 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு போன், ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர். எப்படிப் போதும்? உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், நம் ஆசியாவுக்கான பங்கிலும் கடைசிக் கட்டை அவிழ்த்து ரேஷன் மாதிரி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியானால் இப்போது எப்படி ஓடுகிறது? இங்கேதான் ஒண்டுக்குடித்தனம் வருகிறது.

எங்கள் தாத்தா சின்ன வயதில் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாராம். தெருவில் பார்த்தால் கதவு எண் 12, அவ்வளவுதான். உள்ளே போனால் ஏழு குடித்தனம். இப்போது நான் ஒரு வீட்டுக்கார அம்மாவைக் கற்பனை செய்கிறேன். மாடிக் குடித்தனக்காரர் கடிதம் எழுதினால் அந்த அம்மா வாங்கி, அனுப்புநர் இடத்தில் "கதவு எண் 12, சீட்டு எண் 4071" என்று மாற்றி எழுதி தபாலில் போடுவார். தன் நோட்டில் "4071 – மாடி" என்று குறித்துக்கொள்வார். பதில் கடிதம் 4071 என்று வந்தால் மாடிக்குக் கொடுப்பார். நம் வீட்டு ரூட்டர் செய்கிற வேலை இதேதான். வெளியே ஒரே முகவரி, உள்ளே பல கருவிகள். அந்தச் சீட்டு எண்ணுக்குத்தான் போர்ட் என்று பெயர். 1994-இல் இந்த முறையை எழுதி வைத்தபோதே, பெரிய தீர்வு வரும்வரை சமாளிக்க என்றுதான் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் யாரென்றே தெரியாத ஒருவர், வெறும் "கதவு எண் 12" என்று போட்டு ஒரு கடிதம் அனுப்பினால்? நோட்டில் பெயர் இல்லை. அம்மா அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை, ஏழு வீட்டில் யாரிடம் கொடுப்பார்? சர்வருக்கு வருவதெல்லாம் இப்படிப்பட்ட கடிதம்தான். எனவே முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: "80 என்று எண் போட்டு எது வந்தாலும் எங்கள் வீட்டுக்கு." இதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். ரூட்டர் நம்முடையதுதானே, அதில் போய் எழுதிவிடலாம். எழுதினேன். வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா "தூங்குறியா, இல்ல அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கவா?" என்று கேட்டதுதான் மிச்சம். முகவரி மாறிக்கொண்டே இருப்பதால்தான் கோளாறு என்று நினைத்து, மாறும் எண்ணுக்கு நிலையான பெயர் தரும் சேவை ஒன்றிலும் சேர்ந்தேன். அதுவும் வீண்.

கம்ப்யூட்டர் மிஸ்தான் ஒரு வழி சொன்னார்கள். "ரூட்டர் பக்கத்துல வெளி முகவரின்னு ஒண்ணு போட்டிருக்கும். 'என் ஐபி என்ன'ன்னு காட்டுற வெப்சைட்டுல இன்னொண்ணு வரும். ரெண்டும் ஒண்ணான்னு பாரு." பார்த்தேன். ரூட்டரில் 100.72 என்று தொடங்கியது. வெப்சைட்டில் சம்பந்தமே இல்லாத வேறு எண்!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் வீடே ஒரு பெரிய ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு போர்ஷன்! கம்பெனிக்காரர்கள் வாசலில் இன்னொரு பெரிய வீட்டுக்கார அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் ரூட்டரிடம் நான் என்ன சொல்லி வைத்தாலும் அது உள் அம்மாவுக்குத்தான் தெரியும். வாசல் அம்மா கடிதத்தை அங்கேயே கிழித்துவிடுகிறார். இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012 ஏப்ரலில் தனியாக ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரை, சுமார் 42 லட்சம் எண்கள். உங்கள் ரூட்டரில் வெளி முகவரி இதற்குள் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். சில கம்பெனிகள் 10 என்று தொடங்கும் எண்ணும் தருவதுண்டு. எப்படியானாலும் இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால், நடுவில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கம்பெனிக்குப் போன் போட்டு, "80-ஐ எங்களுக்குக் கொடுங்க" என்று கேட்கலாமே என்பீர்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு முகவரியில் 80 என்று ஒரு சீட்டுதான் இருக்கிறது. அத்தனை வீட்டில் யாருக்குக் கொடுப்பார்கள்? மொத்தச் சீட்டே 65,535-தான், அதைத்தான் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். இருந்தாலும் போன் போட்டேன். "நிலையான ஐபி வேணும்னா பிசினஸ் பிளானுக்கு மாறணும் சார்" என்றார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக என்னை ஒருவர் சார் என்றார்! ஆனால் தொகையைக் கேட்டதும் அப்பா சிரித்த சிரிப்பில் அந்தப் பேச்சு முடிந்தது. கூடுதல் காசு கட்டினால் தனி முகவரி தருகிற கம்பெனிகள் பல உண்டு. அவசியம் உள்ளவர்களுக்கு அதுதான் நேர் வழி.

இந்தப் பங்கு முகவரியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரு போர்ஷன்காரர் தெருவில் வம்பு செய்தால் "அந்த 12-ஆம் நம்பர் வீட்டுக்காரங்களே இப்படித்தான்" என்று மொத்த வீட்டுக்கும் கெட்ட பெயர். சில வெப்சைட்டுகள் ஒன்றுமே செய்யாத நம்மிடம் "நீ ரோபோவா?" என்று கேட்டு, பஸ் படத்தையெல்லாம் தொடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ வழியே இல்லையா? இருக்கிறது. வெளியே போகும் கடிதத்தை வாசல் அம்மா தடுப்பதே இல்லை, அதற்கு வரும் பதிலையும் தடுப்பதில்லை. பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அதுதான். தெருமுனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது என்று வையுங்கள். அதற்குச் சொந்தக் கதவு எண் உண்டு. நானே முதலில் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் போடுகிறேன். எனக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் அதைத் தன் பதில் கவருக்குள் வைத்து அனுப்புகிறார். வாசல் அம்மாவுக்கு அது வெறும் பதில் கடிதம்! இதைத்தான் டன்னல், அதாவது சுரங்கவழி என்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா மகன் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் ஒரு சின்ன சர்வருக்குச் சொந்தமாக வெளி முகவரி இருக்கிறது. அதுதான் எனக்கு அண்ணாச்சி கடை. முதலில் எஸ்எஸ்ஹெச் மூலம் இணைத்தேன். இணைந்தது, ஆனாலும் வெளியிலிருந்து பக்கம் வரவில்லை. அண்ணன்தான் பார்த்துச் சொன்னார்: அந்த மென்பொருள் வழக்கமாகத் தன் கம்ப்யூட்டருக்குள் இருந்து கேட்பவர்களுக்கு மட்டும்தான் இப்படிப்பட்ட கதவைத் திறக்குமாம். 'கேட்வே போர்ட்ஸ்' என்ற அமைப்பை 'யெஸ்' என்று மாற்றியதும் திறந்துகொண்டது. ஆனால் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் இணைப்பு செத்துப்போனது. ஏனென்றால் ரொம்ப நேரம் பேச்சில்லாத வரிகளை வாசல் அம்மா நோட்டிலிருந்து அடித்துவிடுவார். இப்போது வயர்கார்டு என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டேன். 2020 முதல் இது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. 25 நொடிக்கு ஒரு தடவை "இருக்கேன், இருக்கேன்" என்று அது சும்மா ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறேன். வரி அழிவதில்லை.

அண்ணன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கிளவுட்ஃபிளேர் டன்னல், டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் அண்ணாச்சி வேலையைப் பார்க்கின்றன. வீட்டு அளவுக்குக் காசு கேட்பதில்லை. முதலாவதில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம், ஆனால் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்க வேண்டும். இரண்டாவது, நம் கருவிகளை நாமே தூரத்திலிருந்து அடைவதற்கு வசதி. ஒன்று மட்டும் கவனியுங்கள். அண்ணாச்சி கவரைப் பிரித்துப் படிக்க முடியுமா, முடியாதா என்பது நாம் எப்படி ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் பூட்டையும் சாவியையும் வீட்டு கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறேன்.

உண்மையான தீர்வு ஆறாம் பதிப்பு. அதில் முகவரி 128 பிட் நீளம், தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை. 1998-லேயே எழுதிவிட்டார்கள். நம் ஊர் செல்போன்களில் இன்று தாராளமாக ஓடுகிறது. உங்கள் வீட்டு இணைப்பில் அது வந்தால், ரூட்டரின் தடுப்பில் ஒரு வழி விட்டாலே போதும், அண்ணாச்சி தேவையில்லை. ஆனால் பார்க்க வருகிறவரிடமும் அது இருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

கதவைத் திறந்த அன்று ராத்திரியே பதிவேட்டைப் பார்த்தேன். யாரோ "அட்மின்" என்று பெயர் சொல்லி உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடம் அவ்வளவு பிரபலமா என்று நினைத்துவிடாதீர்கள், திறந்திருக்கும் எல்லாக் கதவையும் தானாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை. கடவுச்சொல்லை நீளமாக்கினேன். தாள்களில் மாணவர் பெயர்கள் இருப்பதால், கேட்பவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் தரும்படி தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வேண்டுபவர்கள் தமிழ் ஐயாவிடம் வாங்கிக்கொள்ளலாம். கரண்ட் போனால் சர்வரும் போகும், பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள்.

இதுவரை வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர் ஒரே ஒருவர்தான். 2009-இல் இங்கே பத்தாவது படித்த அக்கா, இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். தான் எழுதிய விடுகதைப் பகுதியில் ஏழாவது விடை தப்பு, அதைத் திருத்த முடியுமா என்று ஐயாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ஐயா "அப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு