கருவறையின் முதல் 28 நாட்கள்

மனிதன் தன் மூளையைக் கொண்டு விண்ணையும் கடலையும் அளந்தான். அந்த மூளை தாயின் வயிற்றில் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை அவன் தெளிவாக அறிந்ததோ மிகவும் பிற்காலத்திலேதான். அவ்வறிவு மருத்துவக் கல்லூரிகளின் சுவர்களுக்குள் மட்டும் அடங்கிக் கிடக்கத் தக்கதன்று. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் லயங்களுக்கும் அது சென்று சேரவேண்டும் என்னும் ஆவலே என்னை இதனை எழுதத் தூண்டியது.

கருவுற்ற மூன்றாம் வாரத்தில் முளையத்தின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். ஓர் எள்ளின் அளவு. அதன் முதுகுப்புறத்தே உள்ள கலங்கள் தடித்து ஒரு தகடாகின்றன. அத்தகட்டின் நடுப்பகுதி தாழ்கிறது. இரு விளிம்புகளும் எழுகின்றன. வெற்றிலையை நீளவாக்கில் மடித்து ஓரங்களைச் சேர்த்தாற்போல அவை ஒன்றையொன்று நாடிவந்து பொருந்துகின்றன. இவ்வாறு அமைவதே நரம்புக் குழாய். முதலில் கழுத்துப் பகுதியிலே தொடங்கும் இப்பொருத்தம் பின்னர் மேலும் கீழும் பரவுகிறது. தலைப்பக்கத்து வாயில் ஏறத்தாழ 25 ஆம் நாளிலும், வாற்பக்கத்து வாயில் ஏறத்தாழ 28 ஆம் நாளிலும் மூடுகின்றன. தலைப்பக்கம் புடைத்து முன்மூளை, நடுமூளை, பின்மூளை என மூன்றாகிறது. எஞ்சிய பகுதி முண்ணாணாகிறது.

உயிரியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், 33 மணி நேரம் அடைகாக்கப்பட்ட கோழி முட்டையின் முளையத்தை நுணுக்குக்காட்டியின் கீழே மாணவர்க்குக் காட்டியிருக்கிறேன். அந்தச் சிறு கோட்டில் மூளையின் மூன்று புடைப்புகளும் தெரியும். ஆரவாரித்துக்கொண்டு வரும் மாணவர்களும் அதனைக் கண்டதும் சற்று மௌனமாகிவிடுவர். தாமும் ஒருநாள் இவ்வாறே இருந்தோம் என்னும் எண்ணம் தரும் மௌனம் அது.

இனி, அந்த விளிம்புகள் பொருந்தாவிடில் நிகழ்வது யாது? தலைப்பக்கம் மூடாதுபோனால் மண்டையோட்டின் மேற்பகுதியும் பெருமூளையும் உருவாகா. அத்தகைய குழந்தை இறந்து பிறக்கும். அன்றேல் பிறந்து சில மணியிலோ சில நாளிலோ உயிர்நீக்கும். கீழ்ப்பக்கம் மூடாதுபோனால் முள்ளந்தண்டு பிளவுபட்டு, முண்ணாண் வெளியே பிதுங்கி நிற்கலாம். அப்பிள்ளை உயிர் வாழும். ஆயினும் கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றலாம், மூளையில் நீர் தேங்கித் தலை பெருக்கலாம். அறுவைச் சிகிச்சையும் பெற்றோரின் பராமரிப்பும் கிடைப்பின், இத்தகையோர் பலர் பள்ளி சென்று கற்று வளர்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இங்கே காலக் கணக்கொன்றை ஊன்றி நோக்கவேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போயிற்று என்று ஒரு பெண் உணரும் வேளையில் கருவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கடந்திருக்கும். இன்னும் சில நாள் பார்ப்போமென்று அவள் பொறுத்திருந்து, ஒருநாட் சம்பளத்தை இழந்து கிளினிக்குக்குச் செல்லும்போது குழாய் மூடவேண்டிய காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதன்பின் அவள் உண்ணும் சத்துக் குளிசை அவளுடைய குருதிக்கு நன்மை செய்யும். மூடாது நின்ற குழாயை மூடாது.

இவ்வுண்மை அறியப்படாத இடத்தில் பழி பிறக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் முதற்பிள்ளையை இவ்வாறு இழந்த இளந்தாய் ஒருத்தியை நான் அறிவேன். கிரகணத்தன்று வெளியே போனாள் என்றார் மாமியார். முற்பிறப்பின் வினை என்றனர் அயலார். கணவனோ ஒன்றுமே சொல்லவில்லை. அம்மௌனமும் ஒரு குற்றச்சாட்டாகவே அவளைச் சுட்டது. கிரகணத்துக்கும் நரம்புக் குழாய்க்கும் யாதொரு தொடர்புமில்லை. பரம்பரைக் கூறுகள், நீரிழிவு, வலிப்பு நோய்க்குரிய சில மருந்துகள், போலிக் அமிலக் குறைவு எனக் காரணங்கள் பல. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

போலிக் அமிலத்தின் வரலாறு நம் மக்களுக்கு அயலானதன்று. 1928 இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கொடிய சோகையால் மடிவதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடினார். நீலகிரியின் குன்னூரிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. நம் நாட்டுக் கடைகளிலும் கறுப்புப் போத்தலில் விற்கப்படும் மார்மைட் அச்சோகையைத் தீர்க்கக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அதிலிருந்த அரும்பொருளை 1941 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945 இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கலங்கள் பிரிந்து பெருகுவதற்கு இச்சத்து இன்றியமையாதது. நரம்புக் குழாய் அமையும் நாட்களிலோ கலங்கள் மிக விரைந்து பெருகுகின்றன. இங்கிலாந்தின் ஸ்மிதெல்ஸ் என்னும் மருத்துவர் 1960களிலேயே இத்தொடர்பை ஐயுற்றார். 1991 இல் ஐயம் நீங்கிற்று. 7 நாடுகளில், முன்னர் இக்குறையுடைய கருவைச் சுமந்த 1817 பெண்களிடையே நடந்த ஆய்வில், கருவுறுமுன்னரே உட்கொண்ட போலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு தடுத்தது. 1998 முதல் அமெரிக்காவில் செறிவூட்டப்பட்ட தானிய மாவில் இச்சத்தைச் சேர்ப்பது சட்டமாயிற்று. தோட்டத்து லயங்களில் சுடப்படும் ரொட்டியும் கோதுமை மாவால் ஆனதே. ஆதலின் அச்செய்தி நம்முடைய சிந்தனைக்கும் உரியது.

இலையின் பெயர் பூண்ட சத்து, நாள் முழுதும் இலை கிள்ளும் பெண்ணுக்குக் குறைவாயிருத்தல் எத்துணைக் கொடுமை! முருங்கைக் கீரை, பொன்னாங்காணி, பாசிப்பயறு, பருப்பு ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆனால் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். ஆகவே உணவோடு குளிசையும் வேண்டும். கருத்தரிக்கக்கூடிய பெண் நாள்தோறும் 0.4 மில்லிகிராம், கருவுறுமுன் தொடங்கி முதல் 12 வாரம் வரை உட்கொள்வது பொதுவான அளவு. முன்னர் இக்குறையைக் கண்டவர்களுக்கும் நீரிழிவு, வலிப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவர் கூடிய அளவை விதிப்பர். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது பேராபத்து.

இலங்கையில் மருத்துவமாது புதுமணத் தம்பதியரைப் பதிவுசெய்து, கருவுறுமுன்னரே போலிக் அமிலக் குளிசை பெற வழிசெய்கிறார். அவரைத் தேடிச் செல்லத் தயங்கும் வழக்கம் மாறவேண்டும். கல்யாணமானதும் கிளினிக்குக்குப் போவதா என்று நாணுகின்ற வீடுகள் இன்னும் உள. இந்நாணத்தைப் போக்க வல்லவர் ஆசிரியரே. மேல்வகுப்பில் நரம்புக் குழாயின் படத்தை வரையச்செய்து மதிப்பெண் இடுவதோடு நில்லாது, அது மூடும் நாளையும், அந்நாளுக்கு முன் செய்யவேண்டியதையும் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒருங்கே சொல்லவேண்டும். குளிசை உண்டவர்க்கும் சிலவேளை இக்குறை நேர்வதுண்டு. அப்போதும் தாயைப் பழித்தல் தகாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நான் அறிந்த அந்த இளந்தாயிடம் ஒருவரும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. மறுமுறை இக்குறை வரும் வாய்ப்பு மற்றவரிலும் அவளுக்கு மிகுதியே. ஆயினும் அவளைப் போன்றோரிற் பெரும்பாலோர்க்கு அடுத்த பிள்ளை நலமாகவே பிறக்கும். ஏற்ற காலத்தில் குளிசையை உண்டால் அந்நம்பிக்கை மேலும் வலுக்கும். இச்செய்தியை அவள் காதில் போடுவதற்கு ஒருவர் போதும்.