மூணு விசில் விட்டால் கிட்னி பேசும்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லித்தான் கதவைத் திறந்தார்கள். சிறுநீரகம் எப்படி அடிபடுகிறது, எப்படி வீங்கிப் புண்ணாகிறது, எப்படித் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்கிறது என்று மூலக்கூறு மூலக்கூறாகத் துப்பறிகிற இடம். வெள்ளைக் கோட்டும் ஆழ்ந்த மௌனமுமாக இருக்கும் என்று நினைத்து நுழைந்தால், காதில் விழுந்த முதல் சத்தம் குக்கர் விசில்!

ஆமாம், குக்கரேதான். நம் வீட்டில் பருப்பு வேகுமே, அதே ரகம். எதிரே கைக்கடிகாரத்தை முறைத்தபடி ஒரு பிஎச்.டி. மாணவி.

“என்னம்மா, சாம்பாரா?”

“சுண்டெலி கிட்னி சார். பேச்சுக் கொடுக்காதீங்க, விசில் எண்ணிட்டிருக்கேன்.”

ஃபார்மலினில் ஊறிய திசுவில் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். சிட்ரேட் கரைசலில் போட்டு அவித்தால் அந்தப் பிடி தளரும். அப்புறம்தான் ஆன்டிபாடி தனக்கு வேண்டிய புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். ஒரு விசில் கூடிப் போனால் திசு கண்ணாடி ஸ்லைடை விட்டுக் கழன்று மிதந்துவிடும், ஒரு வார உழைப்பும் அதோடு போச்சு. மூன்றாவது விசில் அடங்கியதும் அவள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, குக்கர் தோற்றது!

அப்படியே சுற்றிப் பாருங்களேன். மேஜை முழுக்கத் தெர்மாகோல் பெட்டி, ஐஸ், டியூப், பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லும் நோட்டீஸ். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கதவில் டேப்பில் எழுதி ஒட்டிய மிரட்டல்: ‘என் டப்பாவைத் தொடுகிறவர் தீசிஸ் முடிக்க மாட்டார்.’ சென்ட்ரிஃபியூஜின் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் இன்னும் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் பொட்டு கிடையாது. லென்ஸில் பட்டால் லேப் தலைவி மேடம் தொலைத்துவிடுவார்.

மூலையில் ஃபேனை அணைத்துவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருக்கிறார் டெக்னீஷியன் அக்கா. மெழுகில் புதைத்த சிறுநீரகத்தை மைக்ரோடோம் இயந்திரத்தில் மூன்று மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார். நம் தலைமுடியில் ஒன்றை எடுத்தால் அது இதைப்போலப் பல மடங்கு தடிமன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ரிப்பனாக இறங்கும் சீவலைத் தூரிகையால் ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீரில் விடுகிறார். பாலாடை போல விரிந்து மிதக்கிறது. ஆசையாகக் குனிந்தேன்.

“மூச்சு விடாதீங்க சார், பறந்துடும்!”

அடக்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைத் தம்பி தும்மினான். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அறையை விட்டே போய்விட்டான்.

எலி அறைக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. மயக்க மருந்தில் ஆழ்ந்து தூங்குகிற சுண்டெலி. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு குட்டிக் கிளிப். சிவந்திருந்த சிறுநீரகம் கண்ணெதிரே கருநீலமாகிறது. இருபது, முப்பது நிமிடம் கழித்துக் கிளிப்பை எடுத்தால் மறுபடி ரத்தம் ஓடி நிறம் திரும்புகிறது. ஆபத்து தீர்ந்ததென்றா நினைக்கிறீர்கள்? நின்றுபோன ரத்தம் திரும்பி வரும்போதே இன்னொரு ரவுண்டு அடி விழுகிறது. எலியின் உடல் சூடு ஒன்றிரண்டு டிகிரி மாறினாலே காயத்தின் அளவும் மாறிவிடுமாம். அதற்கு வெப்பமெத்தை, தெர்மாமீட்டர், ராஜ உபசாரம். ஆபரேஷன் செய்கிறவரின் முகமூடி மட்டும் வியர்வையில் நனைந்து தொங்குகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. மறுநாள் அந்த எலியின் சிறுநீர் வேண்டும். அதற்கென்று புனல் வைத்த கூண்டு இருக்கிறது. ஆனால் எலியின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினாலே பெரும்பாலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒரு கையில் எலி, மறு கையில் டியூப்! “கையுறையில விட்டதுதான் சார் அதிகம்” என்று சிரித்தான் அந்தத் தும்மல் தம்பி.

அந்தச் சொட்டில் அவர்கள் தேடும் சரக்கின் பெயர் கிம்-1. அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் பான்வென்ட்ரேயின் குழு 1998-இல் அடையாளம் காட்டிய புரதம். நல்ல சிறுநீரகத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது. அடிபட்ட செல்லோ மேற்பரப்பு முழுக்க இதை முளைக்கவிடும். அதில் ஒரு துண்டு உதிர்ந்து சிறுநீரில் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறை அறிய நாம் வழக்கமாக ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் மகா சோம்பேறி. சின்சினாட்டியில் இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் என்கால் என்ற இன்னொரு புரதம் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது. கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆனது. 2005-இல் வந்த சேதி இது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் இன்னும் கிரியாட்டினின்தான் கோலோச்சுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இப்போது விளக்கை அணைக்கிறார்கள். இருட்டறைக்குள் வாருங்கள், வயர் தடுக்கும், ஜாக்கிரதை. குக்கரில் வெந்த அந்த ஸ்லைடுதான் மானிட்டரில் ஒளிர்கிறது: நீலப் புள்ளிகள் செல்களின் உட்கரு, பச்சை வளையங்கள் கிம்-1. நானும் அந்த மாணவியும் ஒரே நேரத்தில் “ஹை!” என்று கத்திவிட்டோம்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரலால் காட்டுகிறார். நம் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் பெரும்பங்கைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழாய்ச் செல்கள். ஓயாத வேலை, ஓயாத ஆக்ஸிஜன் பசி. அதனால் ரத்தம் நின்றால் முதலில் சாய்வதும் அவைதான். செத்த செல்கள் உடைந்து உள்ளே இருந்ததைக் கொட்டுகின்றன. அது அபாயச் செய்தியாகி வெள்ளணுக்களை வரவழைக்கிறது. வந்த கூட்டம் முதலில் ரகளைதான் செய்யும். பிறகு அதில் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் குணம் மாறி, பழுதுபார்க்கிறவர்களுக்குத் துணையாக நிற்கின்றன.

“பழுதுபார்க்க யார் வர்றாங்கன்னு நினைக்கிறீங்க?” என்றார். வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. பிழைத்த பக்கத்துச் செல்களே கிம்-1 உதவியால் செத்தவற்றை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. தட்டையாகப் படுத்து, இரண்டு நான்காகப் பெருகி இடைவெளியை நிரப்புகின்றன. “பாருங்க, இது ரெண்டாவது நாள். எத்தனை செல் பிரியுது!” இருபது வருடமாக இதையே பார்க்கிறவரின் குரலில் முதல்நாள் மாணவியின் குதூகலம்.

அடுத்த ஸ்லைடில் அவர் குரல் தணிந்தது. சில செல்கள் பிரியத் தொடங்கிப் பாதியில் மாட்டிக்கொள்ளுமாம். மாட்டிக்கொண்ட செல் சும்மா இருப்பதில்லை, தழும்பை உண்டாக்கும் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2010-இல் அதே பாஸ்டன் குழு கண்ட சங்கதி. திரையில் தழும்பின் நீல நார்கள் குழாய்களை நெரித்துக்கொண்டு கிடந்தன. அந்த எலி வெளிப்பார்வைக்குத் தேறி, ஓடியாடிக்கொண்டிருந்த எலி!

வெளியே வந்தால் தும்மல் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, வலி மாத்திரை இருக்கா?” என்கிறான். அக்கா நீட்டியது தண்ணீர் பாட்டில். “காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, அதுல வலி மாத்திரை வேறயா? நீ வேலை பார்க்கிறது எந்த லேப்னு ஞாபகம் இருக்கா?” உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது புரூஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். முழு பாட்டிலையும் அவன் காலி செய்த பிறகுதான் விட்டார்கள்.

கிளம்பும்போது மேடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னார். வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, கடும் காய்ச்சல் என்று எதனாலாவது உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகித் தேறியிருந்தால், மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போய் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.