மெர்லோ மதுவின் ஏற்றம்

திராட்சையிலிருந்து வடிக்கும் மதுவை மேனாட்டார் நிறத்தை ஒட்டிச் செம்மது என்றும் வெண்மது என்றும் பிரிப்பர். இவற்றுள் செம்மது நாவைப் பற்றி இழுக்கும் துவர்ப்புடையது, பழகியவர்க்கே இனிப்பது என்பது நெடுநாளைய எண்ணம். 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த எண்ணம் மாறிற்று. மாற்றியது மெர்லோ என்னும் ஒரு திராட்சை வகை. கலிபோர்னியாவில் 1985 அளவில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் மட்டுமே நின்ற இக்கொடி, அடுத்த இருபது ஆண்டுகள் முடியுமுன் ஏறத்தாழ 50,000 ஏக்கரில் படர்ந்துவிட்டது. நட்ட கொடி நன்கு பயன்தர மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது சிறிய பெருக்கம் அன்று. இத்தனை பேரை இந்தக் கொடியின்பால் இழுத்தது யாது?

விடை கொடியின் இயல்பிலேயே இருக்கிறது. மெர்லோ முந்திப் பழுப்பது. செம்மது வகைகளின் அரசன் எனப் போற்றப்படும் காபர்நே சோவின்யோனைவிட ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே அறுவடைக்கு வந்துவிடும். பழமும் சற்றுப் பெரிது, தோல் மெல்லியது. செம்மதுவின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருபவை. ஆகவே மெர்லோ மதுவில் துவர்ப்புக் குறைவு, குழைவு மிகுதி. காபர்நே மது பதப்படப் பல ஆண்டுகள் நிலவறையில் கிடக்க வேண்டும். மெர்லோவையோ விரைவிலேயே அருந்தலாம். குடிப்பவனுக்கு இது சுவை. விற்பவனுக்கு முதல் முடங்காத வாணிகம்.

இதன் தாயகம் பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள போர்டோ வட்டாரம். 1784ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் இதன் பெயர் 'மெர்லோ' என்னும் இன்றைய ஒலிக்கு நெருங்கிய வடிவில் முதன்முதலாகக் காணப்படுகிறது. 'மெர்ல்' என்பது அந்நாட்டுக் கரும்பறவை ஒன்றின் பெயர். பழத்தின் கருநீல நிறத்தால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். முந்திப் பழுக்கும் இக்கனியை அப்பறவை தேடித் தின்பதால் வந்தது என்பர் வேறு சிலர். தந்தை காபர்நே பிரான் என்னும் வகை என்பது முன்பே தெரிந்திருந்தது. தாய் யார் என்பது 2009இல்தான் மரபணு ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. பிரித்தானி வட்டாரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கொடியும், சராந்த் வட்டாரத்துச் சிற்றூர் வீடுகளின் முன் படர்ந்திருந்த சில கொடிகளுமே அந்தத் தாயின் மிச்சம். ஊரார் அதனை 'மதலேன்' என்று அழைத்து வந்தனர். சூலை 22ஆம் நாள் வரும் மதலேன் மரியாள் திருநாளையொட்டிப் பழுப்பதே காரணம். முந்திப் பழுக்கும் குணம் தாய்வழிச் சீதனம் போலும்!

இக்குணத்துக்கு ஏற்ற மண் எது என்பதைப் போர்டோ உழவர் பட்டறிவால் கண்டனர். கூழாங்கல் நிலம் விரைவில் சூடேறும்; அது காபர்நேக்கு உரியது. டோர்டோன் ஆற்றுக்கு வடக்கே சாந்த் எமிலியோன், பொமெரோல் ஆகிய ஊர்களில் களிமண் மிகுதி. களிமண் நீரைப் பிடித்து வைக்கும், குளிர்ச்சியானது. அங்கே மெர்லோ நிதானமாகப் பழுத்துச் சிறந்த மதுவைத் தருகிறது. உலகின் விலையுயர்ந்த மதுக்களுள் ஒன்றான பெத்ருஸ், பொமெரோலின் களிமண் மேட்டில் விளைந்த மெர்லோவே. ஆயினும் அதன் புட்டியில் மெர்லோ என்னும் சொல் இராது. போர்டோவில் மது நிலத்தின் பெயரால் வழங்குகிறது. அமெரிக்காவில் திராட்சையின் பெயரால். சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவற்றுக்குத் திறவுகோல்.

1991ஆம் ஆண்டு இரண்டு செய்திகளால் நினைவுகூரத்தக்கது. ஏப்ரலில் போர்டோவில் பெய்த உறைபனி, முந்தித் துளிர்க்கும் மெர்லோவை வாட்டி எடுத்தது. அவ்வாண்டுக்குப் பெத்ருஸ் மதுவே வெளிவரவில்லை. நவம்பர் 17ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும் பிரெஞ்சு மக்களுக்கு மாரடைப்புக் குறைவாயிருப்பதற்குச் செம்மது காரணமாகலாம் என்று எடுத்துரைத்தது. கடைகளில் செம்மது விற்பனை பெருகிற்று. புதிதாக வந்தவர்களுக்குத் துவர்ப்புப் பிடிக்கவில்லை; மெர்லோ தொண்டையில் இதமாக இறங்கியது, பெயரும் நாவில் எளிதாக வந்தது. (மது இதயத்தைக் காக்கும் என்னும் கருத்து இப்போது பெரிதும் ஐயுறப்படுகிறது. எவ்வளவு குறைவாயினும் தீங்கற்ற மது அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துள்ளது.)

தேவை பெருகவே மண்ணைப் பாராமல் நட்டனர். வெப்பம் மிகுந்த சமவெளிகளில் கொடிக்கு மிஞ்சிய காய்களை விட்டு விளைவித்தனர். சட்டப்படி 75 விழுக்காடு மெர்லோ இருந்தாலே புட்டியில் அப்பெயரைப் பொறிக்கலாம். குழைவு போய்ச் சப்பென்ற மது வந்தது.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் நடந்தது இன்னும் விந்தை. அங்கே மெர்லோ என்று விற்கப்பட்டதில் ஒரு பகுதி மெர்லோவே அன்று! சில கொடிகள் வாரக்கணக்கில் பிந்திப் பழுப்பதை உழவர் கண்டும் காரணம் அறியாதிருந்தனர். 1994இல் அங்குச் சென்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ழான் மிசேல் பூர்சிகோ இலையையும் பூவையும் ஆராய்ந்து, அவை கார்மெனேர் என்று காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சியால் போர்டோவில் ஏறக்குறைய அழிந்துபோன வகை அது. மெர்லோவின் தாயை அடையாளம் கண்ட ஆய்விலும் முதன்மையானவர் இவரே.

2004இல் 'சைட்வேஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகன், மெர்லோ கொடுத்தால் குடிக்கவே மாட்டேன் என்று சீறினான். அதன்பின் மெர்லோவின் மதிப்புச் சரிந்தது. பழி முழுவதையும் படத்தின்மேல் போடுவது நேர்மையாகாது. மக்களின் நாக்கு முன்பே சலித்திருந்தது. வேடிக்கை என்னவெனில், அதே நாயகன் பொன்போல் காத்து வைத்துக் கடைசியில் குடிக்கும் 1961ஆம் ஆண்டு செவால் பிளாங் மதுவில் மெர்லோவும் ஒரு பங்கு. நிலத்தின் பெயர் அதற்கு மறைவு தந்தது.

சரிவு வந்தபோதும் கொடி அழியவில்லை. 2015இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,66,000 ஹெக்டேரில் மெர்லோ நின்றது. போர்டோவின் செந்திராட்சை நிலத்தில் பாதிக்கு மேல் இன்றும் அதுவே. ஆனால் கோடை வெப்பம் ஏற ஏற, முந்திப் பழுக்கும் இக்கனியில் சருக்கரை மிஞ்சி மதுவில் போதையளவு உயர்கிறது. 2021இல் போர்டோவில் சில புதிய திராட்சை வகைகளை நட இசைவு தரப்பட்டது. தூரிகா நாசியோனல் போன்று பிந்திப் பழுப்பவை அவற்றுள் உண்டு. ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் அவற்றை நடலாகாது என்பது இப்போதைய விதி.